பதின்வயதினருக்கான ஜனநாயகப் பள்ளி: எதை வாக்குக்கு விடுவது, எதை விடக்கூடாது?

வாசற்படி கேட்டது:

பிள்ளைகளும் சேர்ந்து வாக்குப் போட்டு நடத்தும் ஜனநாயகப் பள்ளி ஒன்றைத் தொடங்குகிறோம். 24 பிள்ளைகள், வயது 13 முதல் 17 வரை. முழுநேரமாக இருக்கப்போகும் பெரியவர்கள் 4 பேர். பிள்ளைகள் அத்தனை பேரும் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்து பழகிய வழக்கமான பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். கட்டாய வகுப்பு கிடையாது, பொதுக்கூட்டத்தில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது வரை முடிவாகிவிட்டது. முடிவாகாதவை இவை:

எதையெல்லாம் கூட்டத்தின் வாக்குக்கு விடலாம், எதை விடவே கூடாது? ஒருவர் இன்னொருவர் மீது புகார் சொன்னால் விசாரணை எப்படி நடக்கவேண்டும்? மாதக்கணக்கில் சோபாவில் சாய்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை என்ன செய்வது? பொதுத்தேர்வு எழுதவேண்டும் என்று 16 வயதில் ஒரு பிள்ளை முடிவெடுத்தால் நேரம் போதுமா?

சுதந்திரம் ஏன் நல்லது என்ற விளக்கம் வேண்டாம், அது வேண்டிய அளவு கிடைக்கிறது. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு என்ன செய்வது என்பதுதான் வேண்டும்.

---

அவைக்குறிப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். மற்ற மூன்றும் அதில்தான் தொங்குகின்றன.

பள்ளி திறப்பதற்கு முன்பே, வாக்குக்கு வராத விஷயங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்துவது (தீத்தடுப்பு, குழந்தைப் பாதுகாப்பு), உயிருக்கு ஆபத்தானது, மொத்த வருமானத்துக்கு மேல் செலவு செய்வது, ஒரு பிள்ளையின் மருத்துவ விவரம், வீட்டு விவரம். இவ்வளவுதான். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் அது ஜனநாயகப் பள்ளி இல்லை, நல்ல சுபாவமுள்ள சாதாரணப் பள்ளி. அதில் தப்பில்லை, ஆனால் அப்படியே சொல்லிவிடவேண்டும். பதின்வயதுப் பிள்ளைகள் மன்னிக்காத ஒன்று உண்டென்றால், வாக்குப் போடவைத்துவிட்டு அப்புறம் ‘அது முடியாது’ என்பது. பிள்ளைகளுக்கு முடிவுகளில் எவ்வளவு பங்கு என்பதை அளக்க ரோஜர் ஹார்ட் 1992-இல் வரைந்த பங்கேற்பு ஏணியில் 8 படிகள். கீழே உள்ள மூன்றை (ஆட்டுவிப்பது, அலங்காரம், ஒப்புக்குச் சேர்ப்பது) அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பெரும்பாலான ‘மாணவர் மன்றங்கள்’ மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகின்றன.

கோடு எங்கே விழவேண்டும் என்பதில் பழைய பள்ளிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 1921-இல் ஏ. எஸ். நீல் தொடங்கிய, இப்போது இங்கிலாந்தில் உள்ள சம்மர்ஹில் பள்ளியில் படுக்கும் நேரம் கூடக் கூட்டத்தில் முடிவாகும். ஆனால் ஆசிரியரை வைப்பதும் நீக்குவதும் கூட்டத்தின் கையில் இல்லை. 1968-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில், பணியாளர்கள் மறு ஆண்டு இருக்கலாமா என்பதையே ஆண்டுதோறும் ரகசிய வாக்கெடுப்பில் பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். முதல் ஆண்டிலேயே இரண்டாவது வழிக்குப் போகவேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் பணம் கட்டாயம் கூட்டத்துக்கு வரவேண்டும். வாடகை, சம்பளம் போக மிஞ்சுவதில் குறைந்தது பாதியை, ரசீது உட்பட, கூட்டத்தின் கையில் கொடுங்கள். பணம் இல்லாத கூட்டத்துக்கு மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

கூட்டம் நடத்தும் முறை: வாரம் ஒருமுறை, 45 நிமிடம், மணி பார்த்து முடியவேண்டும். நிகழ்ச்சி நிரல் முந்தைய நாள் மாலையோடு மூடப்படும். அதற்குப் பிறகு தோன்றியது அடுத்த வாரத்துக்கு. தலைமை நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாறட்டும். தலைமையில் இருப்பவர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. சொல்ல ஆசைப்பட்டால் அந்த விஷயம் முடியும்வரை நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கவேண்டும். குறிப்பேட்டில் மூன்றே கட்டம்: முடிவு, செய்பவர், தேதி. ‘விவாதிக்கப்பட்டது’ என்ற சொல்லை ஏட்டில் எழுதவே விடாதீர்கள். அந்தச் சொல் இருக்கும் பக்கத்தில் வேறு ஒன்றும் இருக்காது.

புதிய விதி எதுவானாலும் இரண்டு வாரம். முதல் வாரம் பேச்சு, இரண்டாவது வாரம் வாக்கு. சண்டை நடந்த அன்றே போட்ட விதி எப்போதும் ஒரு ஆளைக் குறிவைத்த விதியாகத்தான் இருக்கும். இன்னொன்று: ஒவ்வொரு விதிக்கும் 8 வாரம் ஆயுள். மறுபடி வாக்குப் போட்டு நீட்டிக்காவிட்டால் தானாகச் செத்துவிடும். இல்லையென்றால் ஓராண்டில் 90 விதி சேரும், யாருக்கும் 10 கூட நினைவிருக்காது.

விதியை எழுதும் கையைப் பழக்குவது தனி வேலை. ‘ஹாலில் சத்தம் போடக்கூடாது’ என்பது விதி இல்லை, பெருமூச்சு. எது சத்தம் என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். ‘ஸ்பீக்கரில் பாட்டு, மதியம் 12 முதல் 1 வரை மட்டும், மற்ற நேரத்தில் மூடிய கதவுக்கு வெளியே கேட்டால் விதிமீறல்’ என்பது விதி. கதவை மூடிக் காது கொடுத்தால் முடிந்தது, தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டாம்.

எங்கே கெடும் என்றால், பெரியவர்கள் வாயில். முதலில் பெரியவர் பேசிவிட்டால் மற்றவர்கள் அவரை ஒட்டியோ வெட்டியோதான் பேசுவார்கள், விஷயத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். எந்த விஷயத்திலும் மூன்று பிள்ளைகள் பேசியபிறகே ஒரு பெரியவர் பேசலாம் என்று வையுங்கள். நான்கு பெரியவர்களும் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்து ஒரே மாதிரி கை தூக்குவது அதைவிடக் கேடு. அன்றைக்கே அது வெளியில் தெரிந்துபோகும்.

---

சீட்டுக்கட்டு எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். புகார் விசாரணைக்கு வருவோம்.

இதில் இன்னும் யாரும் மிஞ்சாத ஆள் போலந்து மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக்தான். 1912-இல் வார்சாவில் திறந்த அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றம் ஒன்றை வைத்தார். அந்த வாரம் தன்மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து குலுக்கல் முறையில் 5 நீதிபதிகள். அவருடைய சட்டத் தொகுப்பில் 1 முதல் 99 வரையான பிரிவுகள் எல்லாம் விடுவிப்பு, மன்னிப்பு வகை. 100-க்கு மேல்தான் குற்றம் என்றே சொல்லும். 1000 என்பது இல்லத்தை விட்டு வெளியேற்றுவது. இந்த விகிதத்தைக் கவனியுங்கள். மன்னிப்பதற்குத்தான் அத்தனை வகையான சொற்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அவர் தன்மீதே வழக்குப் போட்டுக்கொண்டு அந்த மன்றத்தில் நின்றவரும்கூட.

உங்கள் அளவுக்கு: 5 பேர் குழு. 4 பிள்ளைகள், 1 பெரியவர். குலுக்கல் முறையில் 4 வாரம். எழுத்து வேலைக்கு மட்டும் ஒரு எழுத்தரைத் தேர்தலில் எடுங்கள். அவருக்கு வாக்கு கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் 30 நிமிடம் உட்காரவேண்டும், புகார்ச் சீட்டு இல்லாவிட்டால் கலைந்துவிடலாம். வாரம் ஒருமுறை போதும் என்று விட்டால் காயம் ஆறியபிறகு மறுபடி கீறுவதாக ஆகும்.

புகார்ச் சீட்டில் ஆறு வரி: யார், எப்போது, எங்கே, கண்ணால் பார்த்தது அல்லது காதால் கேட்டது என்ன, அப்போது வேறு யார் இருந்தார்கள், எந்த விதி எண். ‘ஏன்’ என்ற வரி வேண்டாம். சீட்டு இப்படி வரும்: ‘அவன் எப்பவும் என்னை மட்டம் தட்டுகிறான்’. எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுத்து, ‘செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு, என்ன சொன்னான், அதே வார்த்தையில்’ என்று கேட்கவேண்டும். மாற்றி எழுதியது இப்படி இருக்கும்: ‘செவ்வாய் 12.40, சாப்பாட்டு மேசை, நான் உட்கார வந்தபோது பையை நாற்காலியில் வைத்து, இது ஆளுங்களுக்கான இடம் என்றான். மூன்று பேர் சிரித்தார்கள்.’ இதை விசாரிக்கலாம். முந்தையதை விசாரிக்க முடியாது. இந்த மாற்றி எழுதும் வேலையிலேயே பாதிப் புகார்கள் தீர்ந்துபோகும், எழுதியவருக்கே என்ன நடந்தது என்று தெளிந்துவிடுவதால்.

நடந்து மூன்று நாளைக்குள் சீட்டுப் போடவேண்டும், சீட்டு வந்து இரண்டு நாளைக்குள் விசாரணை முடியவேண்டும். முதல் கேள்வி ‘சீட்டில் இருப்பது நடந்ததா?’ ஒப்புக்கொண்டால் நேரே தீர்வு. மறுத்தால் சாட்சி. தீர்வுக்கு மூன்று நிபந்தனை: செய்த காரியத்தோடு சம்பந்தம் இருக்கவேண்டும், ஒரு வாரத்துக்குள் முடியவேண்டும், எல்லார் முன்னாலும் நிற்கவைக்கக்கூடாது. சமையலறையைக் குப்பையாக விட்டவர் மூன்று நாள் சமையலறை கழுவுவது சரி. ‘ஒரு வாரம் கம்ப்யூட்டர் கிடையாது’ என்பது பழைய பள்ளிக்கூடத்தின் பழிவாங்கல். பிள்ளைகள்தான் முதலில் இதற்குப் போவார்கள், அவர்கள் பார்த்து வளர்ந்தது அதுதானே. தண்டனை கடுமையாகும்போது குறைக்கச் சொல்வதுதான் குழுவிலிருக்கும் பெரியவரின் வேலை.

இந்தக் குழுவுக்குப் போகக்கூடாதவை: பாலியல் சீண்டல், காயம் உண்டாக்கிய அடி, போதைப்பொருள், தன்னைத்தானே வருத்திக்கொள்வது, வீட்டில் நடக்கும் கொடுமை. இவை பெரியவர்களின் சட்டப் பொறுப்பு. 14 வயதுப் பிள்ளையை இந்த வழக்கில் நீதிபதியாக உட்காரவைப்பது ஜனநாயகம் இல்லை, கைகழுவல்.

தொடர் சீண்டல் தனிச் சீட்டுகளில் தெரியாது. ஒவ்வொன்றும் சில்லறையாக இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை எழுத்தர் ஒரு தாளில் யார் மேல் யார் என்று கட்டம் போட்டு எண்ணவேண்டும். புகார் கொடுத்தவர் பக்கம் ஒரே பெயர் 5 முறை வந்தால் அந்தப் பிள்ளை தொல்லைப்படுகிறது, அல்லது சீட்டை ஆயுதமாக்கிவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். சம்மர்ஹில்லில் இதற்கு முந்தைய படியாகவே நடுவர்களாக மூத்த பிள்ளைகள் உண்டு. சின்னச் சச்சரவை அங்கேயே பேசி முடிப்பார்கள், முடியாததுதான் கூட்டத்துக்கு வரும். உங்களுக்கு அப்படி 3 பேர் போதும்.

பெரியவர்கள் மேலும் சீட்டுப் போடலாம். முதல் இரண்டு மாதத்தில் ஒரு சீட்டுகூட அவர்கள் மேல் வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பிள்ளைகள் இன்னும் நம்பவில்லை.

சரி, அவைக்குறிப்போடு எனக்கு உள்ள சண்டை: பெரியவர்களையும் சேர்த்து 28 பேரில் 15-க்கு 13 என்று ஜெயித்தால் அது வெற்றியா? அந்த 13 பேரும் மறுநாள் அதே சமையலறையில்தான் நிற்பார்கள். கல்வியாளர் கேஸ் பூக்கே 1926-இல் நெதர்லாந்தின் பில்தோவனில் தொடங்கிய பள்ளியில், அவர் காலத்தில் பெரும்பான்மை வாக்கே இருந்ததில்லை. எல்லோரும் ஏற்கும்வரை பேச்சு. அது மெதுவாகப் போகும் என்பது உண்மை. ஆனால் ஒருவரின் நேரத்தையோ இடத்தையோ தொடும் விதிகளுக்காவது அந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

---

அவைக்குறிப்பு எழுதியது:

ஒருமித்த முடிவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கடைசிவரை உட்காரத் தெம்புள்ளவர் ஜெயிப்பார், வீட்டுக்குப் போகவேண்டியவர் ‘சரி’ என்றுவிடுவார். 13 வயதுப் பிள்ளை 17 வயதுக்காரர் முன்னால் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எத்தனை முறை சொல்லும்? கைதூக்கு வாக்கில்கூட அந்தப் பயம் உண்டு என்பதால், ஆளைப் பற்றிய முடிவுகளுக்கு மடித்த சீட்டு. மற்றபடி நடுவழி ஒன்று சொல்கிறேன்: பெரும்பான்மை வாக்கு, ஆனால் எதிர்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் விதிக்கு ஆயுள் 8 வாரம் இல்லை, 3 வாரம். எதிர்த்தவர்களில் ஒருவர்தான் அதற்குள் மாற்று வரைவு எழுதிக் கொண்டுவரவேண்டும்.

---

மெதுநடை எழுதியது:

சோபாப் பிள்ளை. எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளவேண்டும். எட்டு, ஒன்பது வருடம் அடுத்தவர் சொல்லி நடந்த பிள்ளைக்கு, சொல்ல ஆள் இல்லாதபோது கை கால் ஓடாது. அந்தப் பழக்கம் விட்டுப்போக, பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் ஆகும் என்று வீட்டுக்கல்விக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது ஆராய்ச்சி முடிவு இல்லை, பழக்கத்தில் வந்த வாய்ப்பாடு. பெற்றோரின் கையைக் கொஞ்ச நாள் கட்டிப்போட உதவும், அவ்வளவுதான்.

‘சும்மா இருக்கிறான்’ என்பதை உடைத்துப் பாருங்கள். நாலு பேரோடு சேர்ந்து கத்திக்கொண்டு விளையாடுவது ஒன்று. தனியாக, முகத்தில் ஒன்றுமில்லாமல், விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது வேறு. முன்னதை விட்டுவிடுங்கள். பின்னதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்: இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது, யாரோடாவது சேர்ந்து சாப்பிடுகிறதா, ‘போரடிக்குது’ என்று சொல்கிறதா. ‘போரடிக்குது’ நல்ல சேதி. உள்ளே ஏதோ தேட ஆரம்பித்திருக்கிறது. அந்த நிமிடம் பத்து யோசனைகளை வாரி இறைக்காமல் இருப்பதுதான் பெரியவருக்குக் கஷ்டமான வேலை. ஒன்று மட்டும் சொல்லலாம்: ‘நான் பின்பக்கம் சைக்கிள் சக்கரம் மாட்டப்போறேன், இன்னொரு கை வேணும்.’ வராவிட்டால் போய் மாட்டுங்கள், நாளைக்கு மறுபடி கூப்பிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆட்களையே தவிர்த்து, சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால் அது கல்வித் தத்துவப் பிரச்சினை இல்லை. தனியாகப் பேசி, வீட்டாரோடு பேசி, மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். ‘சுதந்திரம் கொடுத்திருக்கிறோம், தானாக வருவான்’ என்று இதில் காத்திருப்பவர்கள் உண்டு. அது அலட்சியம்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வளர்த்த தன்முடிவுக் கோட்பாட்டில் மனிதருக்கு மூன்று தேவை: தன் விருப்பப்படி செய்வது, ‘எனக்கு இது வரும்’ என்ற உணர்வு, நெருக்கமான ஆட்கள். ஜனநாயகப் பள்ளி தொடங்குகிறவர்கள் முதலாவதை அள்ளிக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்கள். சோபா நிரம்புவது அதனால்தான்.

அதற்கு வழி, பெரியவர்கள் தங்கள் வேலையைக் கண்ணில் படும்படி செய்வது, பிறகு எழுத்தில் அழைப்பு வைப்பது. நல்ல அழைப்புத் தாளில் என்ன செய்யப்போகிறோம், எத்தனை வாரம் (6-க்கு மேல் வேண்டாம்), வாரம் எத்தனை முறை, முடிவில் கையில் என்ன இருக்கும் என்ற நாலும் இருக்கும். ‘இயற்பியல்’ என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். ‘6 வாரம், வாரம் 2 முறை, கடைசியில் நீங்களே சுற்றிய மோட்டார் ஓடும்’ என்றால் நாலு பேர் வருவார்கள். சேருவது கட்டாயமில்லை, ஆனால் சேர்ந்தபிறகு சொல்லாமல் இரண்டு முறை வராவிட்டால் இடம் போய்விடும் என்று அந்தக் குழுவே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். விருப்பப்பாடம் என்பதற்கு இஷ்டப்பட்டால் வருவது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால், தயார் செய்துகொண்டு வந்த பெரியவர் இரண்டு மாதத்தில் சோர்ந்துபோவார்.

திங்கள் காலை 9 மணிக்கு என்ன என்று கேட்டீர்களே. 15 நிமிடம், 6 பேர் கொண்ட சின்ன வட்டம், ஒவ்வொருவரும் இந்த வாரம் செய்ய நினைக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்பதும் செல்லும். ஒட்டுத்தாளில் எழுதிப் பலகையில்: ‘செய்யணும்’, ‘செய்யறேன்’, ‘முடிஞ்சது’. வெள்ளிக்கிழமை அதே வட்டம், 15 நிமிடம், தாள் எங்கே நிற்கிறது என்று மட்டும். நடுவரிசையில் ஒருவருக்கு மூன்று தாளுக்கு மேல் இருக்கக்கூடாது. நகராத தாளைப் பார்த்து யாரும் திட்டக்கூடாது, ‘சின்னதாக்கலாமா, எடுத்துடலாமா?’ இந்த இரண்டு கேள்விதான். ‘கிடார் கத்துக்கணும்’ என்ற தாள் நாலு வாரம் நகராது. ‘ஜி-யிலிருந்து சி-க்கு விரல் மாத்தறது, தினம் 10 நிமிஷம்’ என்ற தாள் வெள்ளிக்கிழமை நகர்ந்துவிடும்.

வீட்டில் தினமும் ‘இன்னிக்கு என்ன படிச்சே?’ என்று கேட்டால் இதெல்லாம் வீண். சேர்க்கும்போதே பெற்றோரிடம் ஆறு மாதத்துக்கு அந்தக் கேள்வியைத் தவிர்க்க ஒப்புதல் வாங்குங்கள். அதற்கு ஈடாக நீங்கள் மாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும், பிள்ளை படித்துச் சம்மதித்தபிறகு.

---

கணக்கேடு எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் போவதால் கொஞ்சம் எதிர்த்திசை.

இந்தப் பள்ளிகளிலிருந்து வெளிவந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதற்கு வழக்கமாகக் காட்டுவது, சட்பரி வேலியில் படித்தவர்களைப் பற்றி பீட்டர் கிரேயும் டேவிட் சானாஃபும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. நல்ல ஆய்வுதான். ஆனால் ஒரே ஒரு பள்ளி, அதைத் தேடிவந்து சேர்த்த குடும்பங்கள். அதை வைத்து ‘எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்’ என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். வீட்டில் புத்தகமும் பேச்சும் உள்ள பிள்ளைக்கு வெறும் நேரமே போதும். அது இல்லாத பிள்ளைக்கு உலகத்தில் என்னென்ன இருக்கிறது என்பதே தெரியாமல் எதைத் தேர்ந்தெடுக்கும்? முன்னால் பரப்பிவைப்பது பெரியவரின் கடமை. மாதம் இரண்டு முறை வெளியாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது என்று இதையும் கணக்கு வைத்துச் செய்யுங்கள்.

பரீட்சை. இதில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது சுதந்திரம் இல்லை, தேதி. ‘எந்தக் கதவு எப்போது மூடும்’ என்று ஒரு பெரிய தாள் சுவரில் இருக்கவேண்டும்: எந்தத் தேர்வு, பதிவுக்குக் கடைசி நாள், குறைந்தபட்ச வயது, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம், செய்முறைத் தேர்வு எங்கே எழுதலாம். வகுப்புக்கு வா என்று சொல்லவேண்டாம். ஆனால் தகவல் சொல்லாமல் விடுவது மோசடி. 14 வயது ஆனதும் ஒவ்வொரு பிள்ளையோடும் அந்தத் தாளின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள்.

16 வயதில் முடிவெடுத்தால் நேரம் போதுமா? போட்டுப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு 150 மணி நேரம் என்று வையுங்கள். வாரம் 5 மணி என்றால் 30 வாரம். அதற்கு முன் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க 3 வாரம், கடைசியில் மாதிரித் தேர்வுகளுக்கு 6 வாரம். ஆக 39 வாரம். தேர்வுக்கு 52 வாரம் முன்பு கையெழுத்துப் போட்டால் 13 வாரம் கையிருப்பு, காய்ச்சலுக்கும் காதலுக்கும் சேர்த்து. மூன்று பாடம் ஒரே நேரத்தில் என்றால் வாரம் 15 மணி. தானாக முடிவெடுத்தவருக்கு இது தாங்கும். ஐந்து பாடம் என்றால் 25 மணி, அதை இரண்டு தவணையாகப் பிரித்துவிடுங்கள்.

அந்த முதல் 3 வாரத்தைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். கணக்கில் ‘அல்ஜீப்ரா வரவில்லை’ என்று வரும் பிள்ளைக்கு உண்மையில் வராதது பின்னமும் குறை எண்ணும்தான். மைனஸ் 3-இலிருந்து மைனஸ் 5-ஐக் கழி, முக்காலை அரையால் வகு. இந்த இரண்டுக்கும் யோசித்துத் திணறினால் பாடத்திட்டத்தைத் திறக்காதீர்கள், இரண்டு வாரம் இங்கேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் 20-ஆவது வாரத்தில் மொத்தமும் சரியும், ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற பழைய பாட்டு திரும்பிவரும்.

இந்த 39 வாரத்துக்கும் ஒப்பந்தம் எழுதுங்கள்: பிள்ளை எத்தனை மணி, பெரியவர் எத்தனை மணி, எப்போது பரிசீலனை, கைவிடுவதென்றால் எந்தத் தேதிக்குள். கைவிடும் தேதி இருப்பது முக்கியம். அது இருந்தால்தான் நடுவில் ஒரு மோசமான வாரத்தில் சட்டென்று விடமாட்டார்கள்.

பதிவேடு: தேதி, செய்தது, எத்தனை மணி, சான்று (படம், நோட்டு, கோப்பு). பிள்ளையே வாரம் 10 நிமிடம் எழுதலாம். இது கண்காணிப்பு இல்லையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1999-இல் அரசின் பள்ளி ஆய்வாளர்களின் அறிக்கைக்குப் பிறகு சம்மர்ஹில்லுக்கு மூடும் அபாயமே வந்தது. பிரச்சினையின் மையம் வகுப்புக்கு வராத பிள்ளைகள். 2000 மார்ச்சில் லண்டனில் தீர்ப்பாயத்தில் சமரசம் வந்தபோது, பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு அதை ஏற்பதாக வாக்களித்தார்கள். வகுப்புக்கு வராமலிருக்கும் உரிமை தப்பியது. அந்த மாதிரி நாள் வந்தால் உங்கள் பக்கம் பேச ஏடு வேண்டும்.

---

வாசற்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 8 வார ஆயுள், புகார்ச் சீட்டின் ஆறு வரி, கதவு மூடும் தாள் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் ஒன்று மட்டும்: பட்டறை, சமையலறை இரண்டுக்கும் சாவி யார் கையில்? பாதுகாப்பு என்று சொல்லி முதல் நாளே பூட்டினால், சுவரில் ஒட்டப்போகும் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

---

சீட்டுக்கட்டு எழுதியது:

சாவியை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், தேர்ச்சிக்குக் கொடுங்கள். சட்பரி வேலியில் கருவிகளைத் தொட இப்படித்தான் சான்று வாங்கவேண்டும். கருவிக்கு ஒரு அட்டை. டிரில்லுக்கு என்றால்: கண்ணாடி போடுவது, பிட் மாட்டி இறுக்குவது, மரத்தை இடுக்கியில் பிடிப்பது, பிட்டை மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்குவது, முடித்தபின் தூள் கூட்டுவது. ஐந்தையும் செய்துகாட்டினால் ஏற்கெனவே தேர்ந்த ஒருவர் கையெழுத்துப் போடுவார். அவர் 14 வயதாக இருக்கலாம். பெரியவருக்கும் அட்டை இல்லாமல் சாவி கிடையாது. வெட்டும் ரம்பம் போன்ற ஆபத்தான இரண்டு மூன்று கருவிகளுக்கு மட்டும் பெரியவர் கையெழுத்தும் வேண்டும், பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கவேண்டும்.

சமையலறைக்கு எரிவாயு மூடுவதும் கத்தி கழுவி வைப்பதும் அட்டையில் இருந்தால் போதும், பாத்திரம் கழுவுவதை அதில் எழுதாதீர்கள். அதைக் கூட்டத்துக்கு விட்டுவிடுங்கள். முதல் மாதக் கூட்டங்கள் முழுவதும் பாத்திரத்தைப் பற்றித்தான் இருக்கும்.